பெட்டி மூடி விசிறி

கோபக்காரிக்கு,

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. மாடி வீட்டு அக்கா மோட்டார் ரூம் சாவி கேட்டு வருவார், ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

"உன் கம்ப்யூட்டர் போடுற சத்தத்துல மனுஷன் இருக்க முடியல" என்று நேற்றுக் கத்தியது நான்தான். அதற்காக, வீம்புக்கு கிராபிக்ஸ் கார்டு ஃபேன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் படுத்தால் எப்படி? காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்டி அடுப்பாய்க் கொதிக்கிறது. இன்று கொடுக்க வேண்டியதென்று ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்த உன் கட்டடப் படம் பாதியில் நிற்கிறது. ஃபேன் வேகத்தைப் பழையபடி கூட்டிவிட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி துடைத்து, எதிரே டேபிள் ஃபேனும் வைத்தாயிற்று. எழுந்ததும் படத்தைத் திரும்ப ஓடவிடு.

ஒற்றை அறையில் குடியிருந்தபோதும் இதே இரைச்சல்தானே? இருந்த ஒரே ஃபேனை இந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, கார்டு வந்த அட்டைப்பெட்டியின் மூடியால் மாறி மாறி விசிறிக்கொள்வோம். "காது வலிக்குதா?" என்பாய். "பிளேன்ல போற மாதிரி ஜோரா இருக்கு" என்பேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: தூசித் துணி தேடிப் பரணில் ஏறியபோது அந்த மூடி கிடைத்தது. உன் தலையணையருகே இருக்கிறது. சாயங்காலம் சீலிங் ஃபேனை நிறுத்தி வை. வந்து நானே விசிறுகிறேன்.