ஆதிரா சொல்லாமல் விட்டது

திருவனந்தபுரம்,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய பகவதிப்பெருமாள் ஐயா அவர்களுக்கு,

சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் காலனியிலிருந்து உச்சிமாகாளி வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியாது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, உடம்பில் தெம்பு இருந்தவரை ஓட்டலில் மாவாட்டியவன். உங்கள் மகள் ஆதிரா, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து ஞாயிறுதோறும் எங்கள் காலனிக்கு வந்தாளே, அவளிடம் எழுத்துப் படித்தவர்களில் நானும் ஒருவன். மற்றப் பிள்ளைகள் மலையாளம் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்தான் வேண்டும் என்ற எங்கள் சிலருக்கு ஆதிரா டீச்சர். பேத்தி வயதுதான், ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிடுவோம்.

வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. காலையில் உட்கார்ந்தேன், வெயில் சாய்ந்துவிட்டது. விரல் வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். போன மாதம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன். யாரிடமும் கேட்காமல் ஏறினேன் என்று கண்டக்டரிடம் சொன்னேன். "சரி தாத்தா, டிக்கெட்டை எடுங்க" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆதிராவுக்கு வேலை கிடைக்காமல் போனது உங்களுக்குத் தெரியும். எதனால் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் கடைசியாக வந்தாள். எங்கள் பக்கத்து வரிசை சரோஜம் விடுவாளா? "எந்தா மோளே, முகம் இப்படி வாடிக் கிடக்கு? உள்ளதைச் சொல்லு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

நேர்முகத்தில் ஓர் அம்மா கேட்டார்களாம், கூட வேலை செய்பவர்கள் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று. மேலதிகாரியிடம் சொல்வேன் என்று ஆதிரா மனப்பாடமாகச் சொன்னாளாம். சரி, சண்டை போடுபவர்களை நீயே எப்போதாவது சேர்த்து வைத்திருக்கிறாயா என்று அந்த அம்மா மறுபடியும் கேட்க, இல்லை என்றாளாம்.

சரோஜம் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லையா? அப்போ என்னை இத்தனை நாளா மேய்ச்சது யாருடீ?" என்றாள்.

நீங்கள் போனில் சொன்னபடி, எங்கள் காலனியில் செய்த வேலையைப் பயோடேட்டாவிலிருந்து அவள் எடுத்துவிட்டிருந்தாள். எழுதாததை வாயால் சொல்லவும் பயந்திருக்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன் ஐயா. பிளாஸ்டிக் கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்காக, எல்லா வீட்டுக் கழிவையும் ஒரே சாக்கில் சேர்த்து வைக்க வேண்டும். அந்தச் சாக்கு யார் வாசலில் இருப்பது என்று பெரிய சண்டை. தமிழ் வரிசை, மலையாள வரிசை என்று பிரிந்து, குழாயடியில்கூடப் பேச்சு நின்றுபோயிற்று. ஆதிரா சமாதானம் பேச வந்த அன்று சரோஜம், "கொண்டுபோய் உன் அப்பன் வீட்டு வாசல்ல வை" என்று கத்தினாள். மன்னிக்க வேண்டும், அப்படித்தான் சொன்னாள். ஆதிரா அழவில்லை. வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன சங்கடம் என்று கேட்டாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டையும் மூச்சிரைப்புக்காரர் வீட்டையும் விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வாரம் ஒரு வாசல் என்று முறை வைத்தாள். அந்த முறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரிடம் கொடுத்தாள் தெரியுமா? எல்லோரையும்விட அதிகமாகக் கத்திய சரோஜத்திடம். இப்போது முறை தவறினால் காலனியையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறாள் சரோஜம்.

அந்தக் கம்பெனி அம்மா கேட்டது இதைத்தானே?

உங்கள் பயத்தையும் குறை சொல்ல மாட்டேன். உங்கள் அண்ணன் மகன் வினீத் கல்லூரிச் சமரம், போராட்டம் என்று போய், கேஸாகி, பாஸ்போர்ட் கிடைக்காமல் அலைந்ததை ஆதிரா சொன்னாள். இந்த ஊரில் கல்லூரிப் பிள்ளை பொதுக்காரியத்தில் இறங்கினாலே கொடி பிடிக்கப் போனதாக நினைப்பார்கள். தூரத்தில் இருக்கும் தகப்பனுக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் மகள் பிடித்தது கொடி இல்லை ஐயா, சாக்கு.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கம்ப்யூட்டர் படிப்பை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். திட்டுகிறவர்களிடம் திரும்பவும் போய் நின்று பேசுவதை அவள் இங்கே வந்துதான் படித்தாள். அதை மறைத்தால்தான் வேலை கிடைக்கும் என்று நம்பி, அதனாலேயே வேலையைத் தவறவிட்டாள். எங்களோடு பழகியது அவளுக்கு ஒரு குறையாகப் போய்விட்டதோ என்று நினைத்து, சில நாள் பேனாவைத் தொடவே கை வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இன்னொரு கம்பெனியில் நேர்முகம். உங்கள் மனைவி ஜெயலக்ஷ்மி அம்மாவைக் கிழக்கேகோட்டையில் பார்த்தபோது சொன்னார்கள். அப்பா சொல்லாமல் பயோடேட்டாவில் கை வைக்க மாட்டேன் என்கிறாளாம். "நான் சொன்னா அவர் காதுல விழாது. நீங்க எழுதிக் குடுங்க, போன்ல படம் பிடிச்சு அனுப்பறேன்" என்றார்கள். அதனால்தான் இந்தத் துணிச்சல். ஆதிராவுக்கு இது தெரியாது. அம்மாவைக் கோபிக்க வேண்டாம்.

அவளைத் திரும்ப எங்களிடம் அனுப்பும்படி நான் கேட்கவில்லை. பாடம் பாதியில் நிற்கிறது, நிற்கட்டும். புதன்கிழமைக்குள் ஒரு போன் போட்டு, செய்ததைச் செய்தேன் என்று சொல் மகளே என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் தலை நிமிர்ந்து சொல்வாள்.

இந்தக் கடிதத்தில் சரியாக இருப்பதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. பிழைகள், அவள் வராமல் நின்ற பிறகு நானாகக் கற்றுக்கொண்டவை.

பத்மநாபசாமி உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். அவள் நல்ல வேலையில் அமர்ந்து, பிறர் மதிக்க வாழட்டும். வேலை கிடைத்தால், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

தங்கள் மகளின் மாணவன்,
உச்சிமாகாளி