இரண்டு ஓட்டை, ஒரு மூடி

பாப்பா,

முட்டை அவித்து அடுப்படியில் வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் கிளம்பாதே.

புது வேலையில் சேர வெளியூருக்கு பைக்கிலேயே போவேன் என்று நேற்று அடம் பிடித்து, “என் வண்டி, என் வேலை, நீ தலையிடாதம்மா” என்று கத்தினாயே, காலையில் தலையிட்டுவிட்டேன். எஞ்சின் மூச்சு விடுகிற குழாயில் மாட்ட வேண்டிய குட்டி ஃபில்டரை எஞ்சினுக்குக் காற்று போகிற ஏர்பாக்ஸின் ஓட்டையில் மாட்டியிருந்தாய். ஏர்பாக்ஸுக்குப் போட வேண்டிய ரப்பர் மூடியால் எஞ்சின் குழாயை அடைத்திருந்தாய். ஃபில்டர் வந்த பெட்டியில் இருந்த விளக்கத் தாளை நீ பிரிக்கவே இல்லை.

அப்படியே கிளம்பியிருந்தால் கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் மூச்சு முட்டி ஆயில் கசிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே திரும்பியிருப்பாய். ஒரு காபி குடித்து முடிக்கிற வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காபி நன்றாகவே இருந்தது.

அப்புறம் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டு, கிளாம்ப்பை முறுக்கிவிட்டேன். இனி வண்டி போகும்.

வீட்டுச் சாவியை எதிர்வீட்டு டெய்லரிடம் கொடு.

அம்மா

போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு. கோபம் தீரவில்லை என்றால் பேச வேண்டாம், ரிங் மட்டும் விடு.

இன்னொன்று. நான் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் கிளம்பிவிடு. நீ இருந்தால் வேறு எதையாவது கழற்றிவிடுவேன்.