ஃப்ரிட்ஜ் கதவில் மறைந்துபோன பாதிப் பட்டியல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணன் வீட்டாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கால்வலி இல்லாமல் வார்டில் வேலை பார்க்கிறாய் என்று நம்புகிறேன். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் பெரியவளுக்கு மூன்றாம் முயற்சியில் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, இருநூறு பேருக்கு மேல் போட்டி போட்டதில் பதினோராவதாக வந்தாள், இந்தக் குடும்பத்தில் இத்தனை பெரிய படிப்பு இதுதான் முதல் தடவை. நடுவுள்ளவன் பஸ் பணிமனையில் பயிற்சி முடித்து, போன மாதத்திலிருந்து தனியாளாக எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறான், மாட்டி முடித்தபின் ஒரு திருகுகூட மிச்சமில்லை என்று அவனுடைய மேஸ்திரியே வாயைத் திறந்து பாராட்டினாராம், அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். கடைக்குட்டி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது, ஆனால் அவன் காதுபட இரண்டாவது என்று சொல்லக்கூடாது, முதலுக்கு அடுத்தது என்று சொல்லவேண்டும். எல்லாவற்றையும் வழக்கம்போல ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நீ நர்ஸ் பரீட்சையில் தேறிய காகிதத்தோடு ஆரம்பித்த பழக்கம், இப்போது கதவின் நிறம் என்ன என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. உன் நாய் மொட்டை பிழைக்கமாட்டான். போன ஞாயிறு நீ போனில் கேட்டபோது நன்றாக இருக்கிறான், தூங்குகிறான் என்றேன், அதில் தூங்குகிறான் என்பது மட்டும்தான் உண்மை. உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டது, கெடுத்தது நான்தான்.

நீ வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று காலையில் அவனுக்கு என்னென்ன தின்னக் கொடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாயே. கடையில் விற்கிற கலர் பிஸ்கட் வேண்டாம், இயற்கையானதாகக் கொடு, கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடு, விதை எடுத்த ஆப்பிள், உப்புப் போடாமல் வேகவைத்த பூசணி, எலும்பில்லாத கோழித் துண்டு என்று வரிசையாக எழுதியிருந்தாய். நானும் ஒரு நாள் தவறாமல் அதைப் பார்த்துத்தான் கொடுத்தேன். பூசணி என்றால் அவனுக்கு உயிர், குக்கர் சத்தம் கேட்டாலே அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான், அது சோற்றுக் குக்கரா பூசணிக் குக்கரா என்று மூன்றாவது விசிலுக்குள் கண்டுபிடித்துவிடுவான் என்று உன் அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெரியவளுக்குக் கல்லூரிக் கடிதம் வந்த அன்று கதவில் இடம் இல்லை. அவள் கடிதத்தைக் கண் உயரத்தில் ஒட்டவேண்டும் என்று எனக்கு ஆசை, உன் பட்டியலின் கீழ்ப்பாதி மேல் ஒட்டிவிட்டேன். கொடுக்கலாம் என்பது மேலே தெரிந்தது, கூடாது என்று நீ கீழே எழுதியது அவள் கடிதத்துக்குப் பின்னால் போய்விட்டது. அன்று வீட்டில் எல்லோருக்கும் உலர்ந்த திராட்சை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தேன், மொட்டையும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றான், சந்தோஷமான நாளில் அவனுக்கு மட்டும் கேரட்டா என்று தோன்றியது. கதவைப் பார்த்தேன். ஆப்பிள் இருந்தது, திராட்சையும் பழம்தானே, சர்க்கரை போடாமலே தித்திக்கிறதே, இதைவிட இயற்கை எது என்று நினைத்து அவனுக்கும் ஒரு பிடி கொடுத்தேன். விரும்பித் தின்றான் என்று மறுநாளும் கொடுத்தேன், அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் வாந்தி எடுத்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான், வெளியே கூட்டிப்போனால் காலைத் தூக்கி நிற்கிறான், ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து அவனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், நானும் கூடவே போனேன். என்னம்மா குடுத்தீங்க என்று டாக்டர் கேட்டாள், சின்ன வயசுப் பெண்தான், கையெல்லாம் பூனை கீறின தழும்பு. இயற்கையானதுதாங்க குடுத்தேன், மருந்து கலந்தது எதுவும் இல்லீங்க என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லி, அம்மா, அரளியும் இயற்கைதாம்மா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் காதிலேயே நிற்கிறது. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார்கள். சிறுநீர் கொஞ்சம் வந்தது, ரத்தத்தில் ஏறியிருந்த கழிவு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியவளின் கடிதத்தைக் கிழியாமல் எடுத்துப் பார்த்தேன். திராட்சை, உலர்ந்தது பச்சை எதுவும் கூடாது என்று நீதான் அழகாக அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய், அதற்குக் கீழே வெங்காயம், சாக்லேட், வேகவைத்த எலும்பு. பக்கத்துவீட்டுத் தையல்காரி ஆறுதலாக, விடுங்கக்கா, நம்மள மாதிரி அஞ்சாவது படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது என்றாள். அப்படி ஒப்புக்கொண்டால் எனக்கும் சுலபம்தான். ஆனால் ஐந்தாவது வரை படித்தாலும் உன் கையெழுத்தைப் படிக்க எனக்கு வரும் மகளே. படித்திருந்தால் தெரிந்திருக்கும், நானே மூடிவைத்தேன். பெரியவள் அந்தக் கடிதத்தைத் திரும்ப ஒட்டவிடமாட்டேன் என்கிறாள், என் சீட்டாலதான பாட்டி என்று கேட்டு அழுதாள், நான் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

உன் கல்யாணம் முறிந்த வருஷம், சொறி பிடித்து மயிரெல்லாம் மழித்திருந்த இவனைத் தூக்கிக்கொண்டு வந்தாய், எங்கள் யாரோடும் பேசாமல் அவனோடு மட்டும் பேசினாய், கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன். எட்டு மாசம்மா, அவன உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்கு லீவு கிடையாது என்று தெரியும், வா என்று சொல்லமாட்டேன், வந்தாலும் நீ பார்க்கப்போவது பழைய மொட்டையை அல்ல. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்கிறாள் டாக்டர். என்ன கொடுக்கலாம் என்று பட்டியலைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டேன். இனிமே அவன் எது கேட்டாலும் குடுங்கம்மா, பட்டியலப் பாக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் எதுவும் கேட்கவில்லை. பூசணியை மசித்து விரலில் வைத்து நீட்டினால் எனக்காக ஒரு தரம் நக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவனுக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன், கேட்டு என்ன ஆகப்போகிறது. கோபம் வந்தால் வரட்டும், போன் எடுக்காமல் இருந்தாலும் சரி, வேலைக்குப் போகுமுன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ, அழுதுகொண்டே ஊசி போடாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கை பட்ட நோயாளிகள் எழுந்து நடக்கவேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். போனில் இருக்கிற உன் படத்தைக் காட்டினேன், அவன் போனைத் தள்ளிவிட்டு என் உள்ளங்கையைத்தான் மோந்து பார்க்கிறான், உன் பழைய சட்டையில் வாசனை போய்விட்டது போல, அதையும் விட்டு எழுந்து வந்துவிட்டான். அதனால் உன் புதுப் படம் ஒன்று காகிதத்தில் எடுத்து, சோப்புப் போடாத கையால் நன்றாகத் தடவி, ஒரு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்து, பிறகு தபாலில் போடு. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள், படம் இங்கே வரப் பன்னிரண்டு நாள் என்று எனக்கும் எண்ணத் தெரியும். இருந்தாலும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா