மஞ்சள் பூத்த பட்டை

இன்று அடுக்களையில் காய்ந்த எண்ணெயில் கல்பாசி விழுந்ததும், அந்த வாசனையோடு நீ வந்து நின்றாய். நீ செத்துப்போன சேதி வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

கல்பாசி மரப்பட்டையிலும் படரும் என்று எனக்குச் சொன்னவன் நீதான். அப்போது அறுபதுகளின் கடைசி. நீ கல்லூரியில் தாவரவியல் படித்தாய். நான் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். ஒன்றில் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டின. மற்றதை ஏனோ அவை சீண்டவில்லை. கூடில்லாத மரத்தில் சாம்பல் நிறக் கல்பாசி இலை இலையாக ஒட்டியிருக்க, கூடுள்ள மரத்தில் அது உதிர்ந்து மஞ்சள் பாசி ஏறியது. மரத்துக்குச் சீக்கு என்று நான் பயந்தேன். நீ சிரித்தாய்.

"மேல பாருபா. எச்சம் வழியுது இல்ல? சாம்பல் பாசிக்கு அது ஆவாது, மஞ்சளுக்கு அது விருந்து. மரம் நல்லாதான் இருக்குது."

அன்றிலிருந்து தறியை விட்டு எழுந்தால் எனக்கு மரத்தடிதான். வீட்டில் என்னைக் கொக்குப் பைத்தியம் என்றார்கள்.

தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது சாயமேற்றிய பட்டின்மேல் எச்சம் விழுந்தது. மரத்தை வெட்டச் சொல்லித் தெருவே கூடியது. நோயில்லாத மரத்தை வெட்ட முடியாது என்றார் பார்க்க வந்த அதிகாரி. மஞ்சளைக் காட்டிச் சீக்குதான் என்றது தெரு. என் நண்பன் படித்தவன், அவனைக் கேளுங்கள் என்று நான்தான் உன்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். நீ மஞ்சள் பட்டையைத் தடவினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கு ஏறியிருக்குது சார். எப்ப வேணா சாயும்."

மறுநாளே வெட்டினார்கள். இறகு முளைக்காத குஞ்சுகள் தெருவெல்லாம் கிடந்தன. அடிமரத்தில் ஒரு பொத்தல்கூட இல்லை. ஏன்டா என்று கேட்டேன். இந்தத் தெருவில்தான் பெண் எடுக்கப் போகிறேன், பகைத்துக்கொள்ள முடியுமா என்றாய். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை.

பாவு கெடுகிறது என்று சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். கெட்டதில் என் பாவும் ஒன்று. ஆனால் நீ எனக்குக் காட்டித் தந்த மஞ்சளை வைத்தே அந்த மரத்தைக் காட்டிக்கொடுத்தாய். அது இன்னும் ஆறவில்லை.

போன வாரம் ஏரிக்கரையில் கூட வந்தவர் ஒரு புளியமரத்தைப் பார்த்து, மஞ்சள் பூத்திருக்கிறது, சீக்கு போல என்றார்.

"மேல பாருபா" என்றேன்.

கிளையெல்லாம் கூடு. சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. நீ கைவிட்ட உண்மையை இத்தனை வருஷமாக நான்தான் உன் வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.