சோம்பேறிக்கு மீன் மாட்டாத காரணம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு சோம்பேறி திரும்பி வந்தது. இந்த மாதத்தில் இதோடு மூன்று. மாதம் பிறந்தே நாலு நாள்தான் ஆகிறது.

கொண்டுவந்தவர் பல் டாக்டர். மேஜைமேல் வைத்துவிட்டு, பிடுங்கவேண்டிய பல்லைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். "ஏங்க, இது பேருக்குத் தகுந்த மாதிரியே இருக்குங்க. விடியக்காலையிலேருந்து எறிஞ்சு எறிஞ்சு இழுத்தேன். ஒரு பாஸ்கூடத் திரும்பிப் பாக்கல." பாஸ் என்பது எங்கள் ஏரியில் இருக்கும் மீன். பெரிய வாய், அதைவிடப் பெரிய திமிர். அதைப் பிடிக்கத்தான் ஊரில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வேற தரேன், பாஸ்" என்றேன். தூண்டில் கடை திறந்த நாளிலிருந்து சொல்லிவரும் ஜோக். டாக்டர் சிரிக்கவில்லை. என் மனைவி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நூறாவது தடவையும் சிரிப்பாள், "போதும் நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே.

சோம்பேறி என்பது பாஸை ஏமாற்றிக் கவ்வவைக்க விரல் நீளத்துக்கு ஒரு மரமீன். வயிற்றில் இரண்டு முள், மூக்கில் தூண்டில் நரம்பு கட்ட ஒரு வளையம். செதுக்கியது, வர்ணம் அடித்தது, பெயர் வைத்தது எல்லாம் அவள்தான். தண்ணீரில் போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எனக்கென்ன என்று கிடக்கும். அதனால் அந்தப் பெயர். பார்க்க அழகு, அதனால் இன்னும் வாங்குகிறார்கள். மீன் மாட்டாது, அதனால் திருப்பித் தருகிறார்கள். திரும்பியதை எல்லாம் அவளுடைய தையல் மிஷினுக்குக் கீழே ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். கூடை வழிகிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

அவள் போய்ப் பதினாலு மாதம்.

மார்ச் 5, புதன்

மழை. கடையில் நானும் ஒரு ஈயும்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போன் செய்வது என் வழக்கம். அக்காதான் எடுப்பார்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேங்க்கா. அவ...?"

"இருக்கா. கை வேலையா இருக்கா."

பதினாலு மாதமாகக் கை வேலை. அப்படி என்ன வேலையோ! ஆனால் அக்கா ரிசீவரைக் கீழே வைப்பதற்கு முன் ஒரு நொடி, பின்னால் அக்காவின் தையல் மிஷினை அவள் ஓட்டும் சத்தம் கேட்கும். நான் போன் செய்வதே அந்த ஒரு நொடிக்காகத்தான். இன்றைக்குக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. நான் பேசுவதைக் கேட்கத்தான் நிறுத்தினாளோ? நூல் அறுந்திருக்கும். எனக்கு எப்பவும் இந்த நப்பாசை.

அவள் போன கதையை இதுவரை இதில் எழுதியதில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சோம்பேறியைத் திருப்பித் தர நிற்கிறார்கள், பல் டாக்டரும் அதில் ஒருவர். ஆளாளுக்குக் கேலி. அவள் உள்ளேயிருந்து வந்து, "எப்படி இழுக்கணும்னு அட்டையில போட்டிருக்கேனே, யாரும் படிக்கறதில்லையா?" என்றாள். நான் அவள் பக்கம் நின்றிருக்க வேண்டும். "எல்லாரும் படிச்சிட்டுத்தான் இழுக்கறாங்க. நீ தையல் மிஷினோட நிறுத்தியிருக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் — நானும் சிரித்தேன்.

மறுநாள் சமையல் மேடையில் ஒரு சீட்டு. "பால் காய்ச்சி வைத்திருக்கிறது. ஆறியதும் மூடவும். அக்கா வீட்டுக்குப் போகிரேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, "போகிரேன்" என்பதில் ர-வை அடித்து ற போட்டேன். போட்டுவிட்டுத்தான் அவள் போய்விட்டாள் என்பதே எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்த கை. கடைத்தெருப் பலகையைப் பார்த்தாலும் அரிக்கும். சீ, என்ன கையோ!

அந்தச் சீட்டு இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. திருத்தத்தோடு.

மார்ச் 15, சனி

இன்றைக்கு ஒரு அதிசயம்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் வந்தார். ஈரச் சாக்கைப் பிரித்துக் காட்டினார். முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ். அதன் கடைவாயில் நம் சோம்பேறி!

"எப்படிங்க?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நான் எங்கங்க பிடிச்சேன்? அதுவா வந்து மாட்டிக்கிச்சு. எனக்கு இந்தத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சுல்ல, ரீலை ரெண்டு சுத்து சுத்துவேன், சுருக்குன்னு வலிக்கும், நிறுத்திடுவேன். அப்புறம் ரெண்டு சுத்து. இப்படியே விட்டு விட்டுத்தான் இழுத்தேன். நிறுத்தியிருக்கறப்போதான் லபக்குன்னு கவ்வுது."

விட்டு விட்டு.

இந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே முழங்கால் ஈரமாக உட்கார்ந்துகொண்டு, நூலில் கட்டிய மரமீனை இழுத்துக்காட்டிச் சொல்வாள். ஆனால் எழுத்திலும் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே?

மார்ச் 16, ஞாயிறு

அட்டையை எடுத்துப் பார்த்தேன். சோம்பேறிப் பாக்கெட்டில் வைக்க முந்நூறு அச்சடித்தது. அதில் இப்படி இருக்கிறது: "எறியவும். நரம்பை விட்டு இழுக்கவும்."

நரம்பை விட்டு இழுக்கவும். அதாவது நரம்பைத் தளரவிட்டு, பிறகு இழு. படித்தவன் என்ன செய்வான்? எறிவான், நரம்பை விடுவான், கரை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பான். அப்படி இழுத்தால் சோம்பேறி பம்பரம் மாதிரி சுற்றும். எந்த மீன் கிட்டே வரும்?

பரண்மேல் ஏறினேன். பழைய காகிதக் கட்டில் புரூஃப் கிடைத்தது. அவள் எழுதிக் கொடுத்ததை அச்சகத்துக்காரன் சரியாகத்தான் கோத்திருக்கிறான்: "நரம்பை விட்டு விட்டு இழுக்கவும்." ஒரு விட்டு முதல் வரியின் கடைசியில். இன்னொரு விட்டு அடுத்த வரியின் தொடக்கத்தில். இரண்டாவதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், "இருமுறை வந்துள்ளது, நீக்குக." கீழே சுருக்கொப்பம்.

என் ஒப்பம்.

வரி முடிவில் வந்த சொல் மறுவரி தொடக்கத்திலும் வந்தால் அடி என்பது புரூஃப் பார்க்கிறவனுக்கு முதல் நாள் பாடம். அடித்தேன். வாக்கியத்தைப் படித்தேனா? படிக்கவில்லை. சொல்லைத்தான் பார்த்தேன். அவள் வந்து, "நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நான் பாத்தாச்சு, போ" என்றேன். அவளும் நம்பிப் போனாள். அட்டைகளைப் பாக்கெட்டில் போட்டு ஒட்டியதும் நான்தான். "அட்டையில போட்டிருக்கேனே" என்று அத்தனை பேர் முன்னால் என்னை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்கே!

பதினோரு மணி போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு?

மார்ச் 17, திங்கள்

கடையைத் திறக்காமல் ஏரிக்குப் போனேன். கூடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோம்பேறியை எடுத்தேன். எறிந்தேன். இரண்டு சுற்று, நிறுத்தம். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கை துறுதுறுவென்று அரிக்கிறது. பத்து வரைக்கும் எண்ணினேன். தண்ணீரில் அது சாய்ந்து, ஒரு நடுக்கம் நடுங்கி, அடிபட்ட மீன்குஞ்சு மாதிரி மெல்ல மேலே வந்தது. இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அதை நான் சரியாகப் பார்க்கிறேன். எத்தனை அழகாகச் செய்திருக்கிறாள்!

மூன்று பாஸ் மாட்டின. மூன்றையும் விட்டுவிட்டேன். யாரிடம் காட்ட?

கரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர், "என்னங்க, பெரிசு ஏதாவது அறுத்துட்டுப் போயிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

கடை வாசலில் பலகை வைத்தேன்:

"பிழை திருத்தம். சோம்பேறி அட்டையில் 'விட்டு இழுக்கவும்' என்பதை 'விட்டு விட்டு இழுக்கவும்' என்று படிக்கவும். பிழை மரமீனுடையது அல்ல, அதைச் செய்தவருடையதும் அல்ல. புரூஃப் பார்த்த கடைக்காரனுடையது."

பல் டாக்டர் நின்று படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "அப்போ இத்தனை நாளா நான் ஏரியைக் கலக்கிக்கிட்டு இருந்தேனா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரம்மாவைப் பாத்து நானும் சிரிச்சேனே."

"நான்தான் முதல்ல சிரிச்சேன் டாக்டர்."

நேராக உள்ளே வந்தார். கூடையிலிருந்து தாம் திருப்பித் தந்த சோம்பேறியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 20, வியாழன்

ஆறு கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. ஒன்றில் விளக்கம் அதிகம், ஒன்றில் கெஞ்சல் அதிகம். ஒன்றில் அச்சகத்துக்காரனைக்கூடக் கொஞ்சம் திட்டியிருந்தேன். என் புத்தி! ஏழாவதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். படித்தால் திருத்துவேன், திருத்தினால் அனுப்பமாட்டேன். இதுதான்:

"அட்டையில் இருந்த பிழை என்னுடையது. பழைய புரூஃபை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். நீ செய்தது நல்ல மீன். அன்று நான் சொன்னது தப்பு, சிரித்தது அதைவிடத் தப்பு. என்னைப் பொருத்துக்கொள். நேரம் கிடைத்தால் வா."

மார்ச் 23, ஞாயிறு

பதினோரு மணிக்குப் போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். அவள் படிக்கட்டும். நான் போய் நச்சரிக்கக்கூடாது. தையல் மிஷின் சத்தம் கேட்காத ஞாயிறு எவ்வளவு நீளம்!

மார்ச் 26, புதன்

கூடை பாதி காலி. தந்தவர்களே வந்து எடுத்துப்போகிறார்கள். வேன் டிரைவர் எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டார். தோள்வலி இல்லாதவர்களுக்கும் தோள்வலி வந்த மாதிரி நடிக்கக் கற்றுத்தருகிறார்.

இதையெல்லாம் அவள் பார்க்கவேண்டாமா?

மார்ச் 30, ஞாயிறு

இன்றும் போன் செய்யவில்லை. அங்கிருந்தும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே எழுந்து நின்றுவிடுகிறேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, உக்காருங்க" என்கிறார், தூரத்திலிருந்தே.

வா என்று எழுதினேனே, அதில் என்ன குறை வைத்தேன்? அவள் தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன். யாரும் படுக்காத தலையணை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

வந்தது.

உறைக்குள் என் கடிதமேதான். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மடிப்பைப் பிரித்தேன்.

சிவப்பு மை!

"பொருத்துக்கொள்" என்பதில் ர-வைச் சுற்றி ஒரு வட்டம். மேலே ற. ஓரத்தில் அவள் கையெழுத்து: "பத்தொன்பது வருஷம் புரூஃப் பாத்த லட்சணம்." வாய்விட்டுச் சிரித்தேன், கடையில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

"நேரம் கிடைத்தால்" என்பதை நேர்கோடாக அடித்திருக்கிறாள். "வேண்டாத சொல். நீக்குக."

கடைசியில் "வா" என்பதற்குப் பக்கத்தில் ஒரு செருகல் குறி. அதன்மேல் இன்னொரு "வா". ஓரத்தில்: "ஒரு தடவை கூப்பிட்டா வரமாட்டேன். இதையாவது வெட்டாதீங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினோரு மணி. அக்காதான் எடுத்தார்.

"அக்கா, அவகிட்ட 'வா வா'ன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

"ரெண்டு வாவா?"

"ரெண்டுங்க்கா. ஒண்ணுகூடக் குறையக்கூடாது."

ரிசீவரை மூடிக்கொண்டு அக்கா என்னமோ சொல்வது கேட்டது. மிஷின் சத்தம் நின்றது. இந்த முறை நூல் அறுந்ததாக நான் நினைக்கவில்லை. பிறகு பதினைந்து மாதம் கழித்து அந்தக் குரல்:

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"காஞ்சு கிடக்கு. சருகு விழுந்திருக்கு."

"கழுவி ரொப்பி வைங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 12, சனி

அவள் வந்து மூன்று நாளாகிறது, எழுத முடியவில்லை. தொட்டியடியில் முழங்கால் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். புது மரமீன் ஒன்று. இன்னும் வர்ணம் அடிக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. அட்டையில் போட வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறாள். சிவப்புப் பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். எழுந்து போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டாள்.