கார்னர் மாரியம்மா

பிப்ரவரி 3, திங்கள்

காலை எட்டு ஐந்துக்கு ரூபினியின் சாப்பாட்டுப் பையை பைக்கில் வந்த ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனான். திருடவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டது. பத்தடி தள்ளி நிறுத்தி, தயிர்சாதம் தன் பேண்ட்டில் கொட்டிவிட்டதென்று அவளைத் திட்டினான். "அவ்ளோ ஹாரன் அடிக்கிறேன், காது கேக்கலையா?"

கேட்காது. இரண்டு வயசில் மூளைக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் மகளுக்குக் காது கேட்காது. இப்போது இருபது வயசு. பீன்யாவில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அவள் லைனில் அவளை விட வேகமாகத் தைக்க ஆள் இல்லை. கம்பெனி வேன் எதிர்ப்பக்கம் மெடிக்கல் ஷாப் முன்னால் வந்து நிற்கும். எங்கள் வாசலிலிருந்து இருபது அடி. அந்த இருபது அடியை அவள் தாண்டும் வரை தினமும் மாடியில் நின்று பார்க்கிறேன்.

இந்த ஊரில் ஹாரன்தான் பிரேக். அடித்துவிட்டால் கடமை முடிந்தது, அப்புறம் ஒதுங்குவதோ சாவதோ எதிரில் இருப்பவள் பொறுப்பு. பெரிய ரோட்டைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டதிலிருந்து, போனில் மேப் பார்த்து ஓட்டுகிறவன் எல்லாம் எங்கள் எட்டாவது கிராஸில் நுழைகிறான். ஸ்ரீராம்புரத்தில் இப்படி ஒரு தெரு இருப்பதே போன வருஷம் வரை ஒருத்தனுக்கும் தெரியாது.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்ஷனில். யாருக்கு எந்த எலும்பு, எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு - எல்லாம் என் கை வழியாகத்தான் அலமாரிக்குப் போகிறது. ரூபினி பெயரில் ஒரு ஃபைலை நான் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 6

அரை நாள் லீவு போட்டு வார்டு ஆபீஸ். தெருவுக்கு ஒரு வேகத்தடை, ஹம்ப், கேட்டு மூன்றாவது மனு. இன்ஜினியர் அச்யுத் சின்ன வயசுக்காரர், நாற்காலி கொடுத்தார், டீ சொன்னார். ஹம்ப் போட டிராஃபிக் போலீஸ் கடிதம் வேண்டும் என்றார். டிராஃபிக் போலீஸில் வார்டு ஆபீஸ் கடிதம் வேண்டும் என்று சொன்னதை நான் சொன்னேன். "நோடோணா மேடம்" என்றார் கன்னடத்தில். பார்க்கலாமாம். இதோடு மூன்று தடவை பார்த்தாயிற்று.

டீ நன்றாக இருந்தது. ஒரு துண்டு ஜல்லிக்கும் சிமெண்ட்டுக்கும் வக்கில்லாத ஆபீஸில் டீ மட்டும் எப்படி நன்றாக இருக்கிறதோ.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிருஷ்ணப்பா வீட்டு வாசலில் தெருக் கமிட்டி. அவர் தலைவர். மூன்று டெம்போ வைத்திருக்கிறார், தொண்டை பெரிசு, அதனால் தலைவர். ஆபீஸை எதிர்பார்த்துப் பிரயோஜனம் இல்லை, நாமே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஹம்ப் போட்டுவிடலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கே போடுவது என்று நான் கேட்டேன். அதோடு முடிந்தது.

ஒருத்தன் வீட்டு முன்னால் போட்டால் வண்டி ஏறி இறங்குகிற அதிர்ச்சியில் சுவர் விரியுமாம். இன்னொருத்தனுக்கு வாசல் எதிரில் மேடு இருந்தால் ஆகாதாம். பூ விற்கிற எல்லம்மாவுக்குத் தள்ளுவண்டி ஏறாதாம். எங்கள் வீட்டு முன்னாலேயே போடுங்கள் என்றேன். அங்கே போட்டால் மழைத்தண்ணீர் கிருஷ்ணப்பா வீட்டுப் பக்கம் திரும்புமாம். முப்பது வீட்டுக்கும் ஹம்ப் வேண்டும், முப்பது வீட்டு முன்னாலும் வேண்டாம்.

அப்புறம்தான் கிருஷ்ணப்பாவுக்கு ஞானம் பிறந்தது. "திருப்பத்துல ஒரு மாரியம்மாவ வெச்சிடலாம். சாமியப் பாத்தா எவனா இருந்தாலும் பிரேக்கு போடுவான்."

அத்தனை கையும் உயர்ந்தது. என் புருஷன் சந்திரன் கையும்! கல்லைக் கும்பிட மாட்டேன் என்று புத்த தீட்சை எடுத்த என் அப்பாவின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீன்யாவில் மெஷின் ஓட்டுகிற ஆள், ஒரு இரும்பு எத்தனை எடைக்கு வளையும் என்று தெரிந்த ஆள். வெட்கமாக இல்லையா?

பிப்ரவரி 10

சந்திரனிடம் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வைத்துவிட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், மஞ்சள், சிவப்புத் துணி, ஒரு சூலம். பெயர் கார்னர் மாரியம்மா. எங்கள் வாசலிலிருந்து ஆறடி. முப்பது வீட்டுக்காரர்களில் ஒருத்தனும் தன் வாசலுக்கு ஆகாது என்று சொல்லவில்லை, கவனித்தேன். பூஜை செய்வது எல்லம்மா. ஸ்பீக்கரில் ஏழு மணி நேரம் பாட்டு. ரூபினி ஒருத்திதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிப்ரவரி 27

வேலைக்குக் கிளம்புமுன் மாடியில் நின்று எண்ணினேன். எனக்கு எண்ணித்தான் பழக்கம். நாற்பது பைக். முப்பத்தொரு பேர் திருப்பத்தில் வலது கையை விட்டார்கள் - ஆமாம், ஆக்ஸிலேட்டர் கையை, பிரேக் கையை - விட்டு நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, உதட்டைத் தொட்டுவிட்டு மறுபடி பிடித்தார்கள். இதெல்லாம் ஒற்றைக் கையில் வளைந்துகொண்டே. பிரேக் போட்டவன் ஒருத்தன்கூட இல்லை. ஒருத்தன் போன பிறகும் கழுத்தைத் திருப்பிக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

முன்பு ஹாரன் அடித்துக்கொண்டாவது ரோட்டைப் பார்த்தார்கள். இப்போது கல்லைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

முழங்கை. ரூபினியின் வலது முழங்கை, தோல் மட்டும்தான், எலும்பு இல்லை. எலும்பு இல்லை என்று நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். ஸ்கூட்டர்காரன், கும்பிட்டுக்கொண்டே வந்தவன். கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கவில்லை, "அம்மா காப்பாத்திட்டா"ன்னு கல்லைப் பாத்து இன்னொரு கும்பிடு போட்டுட்டுப் போறான். பாவி. யாரைடா காப்பாத்தினா?

இனி நான் கையைப் பிடித்து ரோடு தாண்டி விடுகிறேன் என்று சைகையில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. விரல்கள் பறந்தன. "நான் செவிடு. குழந்தை இல்ல. கம்பெனி ஆளுங்க எல்லாரும் வேன் ஜன்னல் வழியாப் பாக்கறாங்க." பேண்டேஜோடு வேலைக்குப் போனாள்.

மார்ச் 5

நாலாவது மனு. இது ஹம்ப் கேட்டு இல்லை. அனுமதியில்லாமல் ரோட்டில் கட்டியிருக்கிறார்கள், திருப்பத்தில் கவனம் சிதறுகிறது, நாற்பதில் முப்பத்தொரு பேர் கையை விடுகிறார்கள், ஒரு பெண் அடிபட்டாள், உடனே அகற்றவும். தேதி, நேரம், எண்ணிக்கை, ஒரு படம் வரைந்து அளவு. சுத்தமான கன்னடத்தில் இரண்டு பக்கம். கன்னட மீடியத்தில் என்னை அடித்து அடித்துப் படிக்க வைத்தது இன்றைக்குத்தான் உதவியது. கீழே என் கையெழுத்து.

சந்திரனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பதிலா வரப்போகிறது?

ஏப்ரல் 13

கல்லுக்குக் கூரை வந்துவிட்டது. போன வாரம் சிமெண்ட் மேடை. முந்தாநாள் கிரில். இன்று இரண்டு படி, அதன் மேல் ஒரு மணி. ஹம்ப்புக்கு ஒரு கூடை ஜல்லி தராதவர்கள் இதற்கு லாரியில் மணல் இறக்குகிறார்கள். எல்லம்மா பூக்கடை மேஜையைக் கிரிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். கார்னர் மாரியம்மா இப்போது ரோட்டில் ஒன்பது அடிக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் மெடிக்கல் ஷாப்பில் போய் மாத்திரை வாங்குவாள்.

மே 2

இரண்டு வாரமாக ஒன்றைக் கவனிக்கிறேன், எழுதப் பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

மறுபடி எண்ணினேன். நாற்பது வண்டி. நாற்பதும் நின்றுதான் போயின. மேடை, படி, பூக்கடை எல்லாம் போக ஒரு கார் நுழைகிற இடம்தான் மிச்சம். எதிரில் வருகிறவனுக்கு வழி விட்டுத்தான் போகமுடியும். ரூபினி படிக்குப் பக்கத்தில் கிரிலைப் பிடித்து நிற்கிறாள், நிற்கிற வண்டிக்கு முன்னால் நடக்கிறாள், நாலு எட்டில் அந்தப் பக்கம். யாரும் கத்துவதில்லை. முந்தாநாள் நடுவில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தாள்!

கிருஷ்ணப்பா மீசையை நீவிக்கொண்டு, "பாத்தியா சொர்ணம், அம்மா சக்திய?" என்றார். சக்தியாம். மூட்டை மூட்டையாகக் கொட்டிய சிமெண்ட் இது, மூடனே. சொல்லவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பதில் வந்துவிட்டது.

தபால் வாங்கியவள் ரூபினி. படித்துவிட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தங்கள் மார்ச் 5 மனு பரிசீலிக்கப்பட்டது, புகார் நியாயமானது, 19ஆம் தேதி ஆக்கிரமிப்பு அகற்றப்படும், சாலைப் பாதுகாப்பில் தங்கள் அக்கறைக்கு நன்றி.

ஹம்ப்புக்கு மூன்று மனு. ஒன்றுக்கும் ஒரு வரி பதில் இல்லை. பிள்ளை அடிபட்டபோது வராதவர்கள், இப்போ நிம்மதியா ரோடு தாண்டறப்போ வரானுங்க. இடிக்கிறதுக்குன்னா மட்டும் எப்படி வராங்க? என்ன ஆபீஸ் இது, த்தூ.

ரூபினி கேட்டாள், "நீயா எழுதினே?" தலையாட்டினேன். "அங்கதானே நான் நிக்கிறேன்" என்று கை காட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 13

அச்யுத் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். "உங்க ஒரு மனுவையாவது முடிச்சுத் தரணும்னு நானே ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சேன் மேடம். இப்படி எண்ணிக்கையோட யாரும் எழுதினதில்லை. எங்க பெரிய ஆபீஸரே பாராட்டினார்." (அவர் பேசியது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.)

வாபஸ் வாங்குகிறேன் என்றேன். ஆர்டர் ஆகிவிட்டதாம். இடித்த பிறகு ஹம்ப் போடுவீர்களா என்றேன். அது போலீஸ். ஆனால் ரோடு அகலமாகி வண்டியெல்லாம் தடையில்லாமல் போகும் என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இன்றைக்கும் டீ வந்தது. குடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கமிட்டி. கிருஷ்ணப்பாவுக்கு எப்படியோ செய்தி வந்துவிட்டது, எழுதியது யார் என்று மட்டும் தெரியவில்லை. "எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன்" என்றார். எல்லம்மா எழுதிய கை அழுகிப்போகும் என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் என் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்திரனுக்குத் தெரியும், கடிதத்தை அவரும் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக அந்த மனுஷனின் ஊமைத்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆபீஸுக்கு எதிர்மனு கொடுக்கவேண்டும். கிருஷ்ணப்பா கன்னடம் பொரிந்து தள்ளுவார், எழுத மட்டும் வராது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் நல்லா எழுதுவ, எழுது மா."

எழுதினேன். பத்து வருஷமாகக் கும்பிடுகிறோம் என்று போடச் சொன்னார். பத்து வருஷம் யாருக்கு வேண்டும்? நாற்பது வருஷம் என்று போட்டேன். தெரு உண்டானதிலிருந்தே அம்மன் இருப்பதாகப் போட்டேன். அப்பா படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து எழுதினேன். பொய் என்றாலும் அவர்களை விட நான்தான் ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

ஜேசிபி காலை ஏழரைக்கு வந்தது. தெருவே ரோட்டில். எல்லம்மா மணியை விடாமல் அடிக்கிறாள். அச்யுத் இறங்கி நேராக என்னிடம் வந்தார், கையில் இரண்டு காகிதம். ஒன்று மார்ச் 5. இன்னொன்று எதிர்மனு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே மேடம்?"

கிருஷ்ணப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வரும். மணி நின்றுவிட்டது.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது ரூபினி டிபன் பையோடு வெளியே வந்தாள். இத்தனை கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், கிரிலைப் பிடித்தாள், ஜேசிபி டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவன் இன்ஜினை அணைத்தான். ரோட்டைத் தாண்டிப் போய் வேனுக்காக நின்றுகொண்டாள்.

"ரெண்டும் நான்தான். அவளுக்குக் காது கேக்காது. நீங்க ஹம்ப்பு போட்டுக் குடுங்க சார், இதை நானே கடப்பாரை எடுத்து இடிக்கிறேன்."

அச்யுத் காகிதத்தின் ஓரத்தில் மறு ஆய்வு என்று ஏதோ எழுதிக்கொண்டார். எட்டரைக்கு ஜேசிபி பின்பக்கமாகவே போனது.

ஜூன் 20

தெருவில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. எல்லம்மா என்னைப் பார்த்துத் துப்பினாள். சந்திரன் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார், எனக்கென்றால் கடைக்காரன் கொடுக்க மாட்டானாம்.

ஜூன் 22, ஞாயிறு

கமிட்டி எனக்குத் தண்டனை விதித்திருக்கிறது. நாளையிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையில் மேடை கழுவி நான் விளக்கேற்ற வேண்டும். அம்மன் கோபம் தணியவேண்டுமாம். "விளக்கு எரியலன்னா கேக்க ஆளில்லன்னு திரும்ப வருவானுங்க" என்றும் கிருஷ்ணப்பா மெதுவாகச் சொன்னார். ஐந்து மாதத்தில் அந்த ஆள் பேசியதில் புத்தியுள்ள ஒரே வாக்கியம். ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 8

பதினாறாம் நாள். கும்பிடவில்லை. எல்லம்மா முறைக்கிறாள். தண்டனையில் கும்பிடுவது இல்லையே, கழுவி ஏற்றுவதுதானே என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாற்பத்தெட்டு. முடிந்தது. எல்லம்மா ஒரு முழம் பூ கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். ஹம்ப் வரவில்லை. மறு ஆய்வும் வரவில்லை. நாளையிலிருந்து நான் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்று ஞாயிறு, வேன் கிடையாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்று ஏழே முக்காலுக்கு மேடையைக் கழுவி விளக்கேற்றினேன். எல்லம்மா பார்த்தாள், பூ கட்டிக்கொண்டே இருந்தாள். எட்டு ஐந்துக்கு ரூபினி தாண்டினாள். வேன் கிளம்பியது. எண்ணெய் நிறைய மிச்சம் இருந்தது. திரியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.