மல்லிக்குத் தண்ணீர் கொடுக்க விடவில்லை, சூசை

அக்காவிடம் ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்கத் தெரியாத என் சூசைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் குதிரை மல்லியைச் செல்வத்திடம்தான் விட்டோம். உன் சிநேகிதன், உன்னோடு பந்தய வண்டி ஓட்டியவன். வேறு யாரிடம் விட? நன்றாகத்தான் வைத்திருக்கிறான். வீட்டுக்கு அரிசி வாங்குவதற்கு முன் அதற்குக் கொள்ளு வாங்குகிறான். அதனாலேயே இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் கீரமங்கலம் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் வைத்தார்கள். மல்லி இரண்டாவதாக வந்தது. வந்து நின்றபோது உடம்பெல்லாம் நுரை. நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். செல்வம் குறுக்கே வந்து மறித்தான்.

"அக்கா, அங்கிட்டு வைங்க. ஓடி வந்த சூட்டுல தண்ணி காட்டுனா வயித்த இழுத்துப் புடிச்சு அப்பிடியே செத்துப்போகும்."

"மேலயாவது ஊத்துடா."

"ஊத்துனா நரம்பு இழுத்துக்கும். ஒங்களுக்குத் தெரியாதுக்கா, விடுங்க."

பெங்களூரில் நெடுந்தூரப் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நீ எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். அங்கே வழியில் நிறுத்தி நிறுத்திக் குடிக்கக் கொடுப்பார்களாமே, கழுத்திலும் காலிலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாமே, ஓட்டத்தில் ஏறிய நாடித்துடிப்பு இறங்காவிட்டால் டாக்டர் மேற்கொண்டு ஓட விடமாட்டாராமே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அது பெங்களூர்க் குதிரை, இது நம்மூர்க் குதிரை" என்றார் ஒருவர். "முடியலைன்னா அதுவே நின்னுருமுல்ல. ஆசையிலதான் ஓடுது" என்றார் இன்னொருவர். செல்போனில் படம் எடுத்த ஒரு பெண், "இதையெல்லாம் மொத்தமா தடை பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். அவளும் வாளியைத் தொடவில்லை.

நான் நர்ஸ். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயப்படுகிற தாய்மாரைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைக்கிறவள். அன்று ஒரு வாளித் தண்ணீரை நாலடி தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மல்லிக்கு வியர்வை நின்றுவிட்டது. பின்னங்கால்கள் நடுங்க, படுத்துவிட்டது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு செல்வம் அழுதான். அழுதுகொண்டே, தண்ணீர் மட்டும் கொடுக்க விடவில்லை.

கால்நடை டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குடிக்கவும் கொடுத்தோம். பொழுது சாயும்போது எழுந்து நின்றது. "மொதல்லயே தண்ணி காட்டியிருந்தா படுத்தே இருக்காதுப்பா" என்றார் செல்வத்திடம். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுவாரம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "டாக்டர் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கலையே, அதனாலதான் உசுரு தங்குச்சு." கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். அவன் கோபப்படவே இல்லை.

"என்னக்கா நீங்க, எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நம்ம சூசைதான?"

பொய் சொல்கிற முகமில்லை அது. அப்படியே நம்புகிறான்.

பெங்களூர் போவதற்கு முன்னால், ஒன்றும் தெரியாத வயதில், நீயே சொல்லியிருப்பாயோ? நீ உயிரோடு இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். இப்போது உன் பெயரில் யார் எதைச் சொன்னாலும் மறுக்க நீ இல்லை. நான் மறுத்தால், தம்பி மேல் உள்ள பாசத்தில் பேசுகிறாள் என்கிறார்கள்.

தை மாதம் அடுத்த பந்தயமாம். மல்லியைப் பழக்க ஆரம்பித்துவிட்டான். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நான் அங்கே இருப்பேன். நீ என்னிடம் சொன்னதை, நீ சொன்னபடியே, எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்வேன். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்வேன்.

உன் பேச்சை உனக்காகப் பேச மிச்சமிருக்கும்
உன் அக்கா,
மரியா